சபூறாவின் கூடாத கடதாசி

சூறாவளி அடித்து மூன்று மாதம் கழிந்திருந்தது. 1979 பெப்ரவரியில், கல்முனைக்குத் தெற்கே கடலோர ஊர் ஒன்றில், கூரையில் பாதி பறந்துபோன பள்ளிக்கூடத்தில் கொழும்பிலிருந்து வந்த டொக்டர்மார் இரண்டு நாள் மருத்துவ முகாம் நடத்தினார்கள். காய்ச்சலுக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் குளிசை கொடுத்தார்கள். அதோடு, வயர்கள் தொங்கும் ஒரு பெட்டியும் கொண்டுவந்திருந்தார்கள். அந்தப் பெட்டி நெஞ்சின் துடிப்பைக் கடதாசியில் கோடாக இழுத்துக் காட்டுமாம் என்ற கதை பரவியதும் சனம் கூடிவிட்டது.

சபூறாவை அவள் கணவர் கலந்தர்தான் வற்புறுத்திக் கூட்டிப் போனார். அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. நெல் அவித்து விற்பது அவள் தொழில். சுபஹுத் தொழுகைக்கு முன்னர் எழும்பி, முற்றத்து அடுப்பில் இரண்டு பீப்பாய் நெல்லை அவித்து, ஈர நெல்லைக் கடகத்தில் அள்ளி, படங்கு விரித்து அதில் பரவி, வெயில் ஏற ஏற காலால் துழாவிவிட்டு, அந்தியில் சாக்கில் கட்டுவாள். பதினைந்து வருடமாக ஒருநாளும் சளைத்தவளில்லை. நாலு பிள்ளை பெற்று, அதில் தங்கியது ஸுல்பிகா ஒருத்திதான். கடைசிப் பிள்ளை போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒரு களைப்பு ஏறியது. கடகத்தைத் தூக்கினால் நெஞ்சு படபடத்தது. மூச்சு இளைத்தது. சூறாவளிக்குப் பிறகு வீட்டுக் கூரையைத் திரும்பக் கட்டிய நாட்களில் இரண்டு தரம் தலைசுற்றி விழுந்தாள்.

பெண்களுக்கு ஒரு சாரியைத் திரையாகக் கட்டி மறைத்திருந்தார்கள். தாதி மிஸி ஒருத்தி சபூறாவின் நெஞ்சிலும் கைகால்களிலும் வயர்களைப் பொருத்தினாள். பெட்டி கிர்ரென்று கடதாசியைத் துப்பியது. வெளியே நின்ற கலந்தரைப் பார்த்து டொக்டர், "சும்மாதானே நிக்கிறீங்க, நீங்களும் ஒருக்காப் படுங்க" என்றார். அவருக்கும் இழுத்தார்கள்.

டொக்டர் இளம் ஆள். காலையிலிருந்து நூறு பேரையாவது பார்த்திருப்பார். இரண்டு கடதாசிகளையும் மேசையில் விரித்து, சபூறாவின் கடதாசியில் கோடு தலைகீழாகக் கவிழ்ந்திருந்த இடங்களைப் பேனையால் வட்டமிட்டார்.

"இருதயத்துக்கு இரத்தம் போறது குறைவு. இனிப் பாரம் தூக்கக்கூடாது. அடுப்படியில நிக்கக்கூடாது. ஒவ்வொரு மாசமும் டொக்டரிட்ட காட்டவேணும்."

பிறகு கலந்தரின் கடதாசியைத் தூக்கிக் காட்டினார். "உங்களுக்கு ஒண்டுமில்ல. இது நல்ல கடதாசி."

வரும் வழியில் கலந்தர் சைக்கிளில் ஏறவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். வீட்டு வாசலில் நின்றுதான் வாயைத் திறந்தார்.

"பீப்பாயக் குடுத்திரலாம் புள்ள."

"குடுத்துப்போட்டு?"

"நான் இரிக்கன்தானே."

கலந்தர் வரிப்பத்தான்சேனைக்காரர். கலியாணம் முடித்து, ஊர் வழக்கப்படி பெண் வீட்டுக்கு வந்தவர். ஆனால் அவருடைய மூன்று ஏக்கர் வயல் அங்கேதான் கிடந்தது. பதினைந்து மைல். முன்பெல்லாம் விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் வயல் வாடியிலேயே பத்துப் பதினைந்து நாள் தங்கிவிடுவார். சபூறாவின் கடதாசி வந்த பிறகு அதை நிறுத்தினார். விடியப் போய் அந்திக்குத் திரும்பினார். கிணற்றில் தண்ணீர் அள்ளி இரண்டு குடம், மூன்று வாளி நிரப்பி வைத்துவிட்டுத்தான் போவார். வந்ததும் விறகு கொத்துவார். ஒரு ஆம்பிளை செய்கிற வேலையா என்று அயலில் சிரித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாதம் ஒருதரம், முதல் திங்கட்கிழமை, நல்லரெத்தினம் டொக்டரின் டிஸ்பென்சரிக்குச் சபூறா போனாள். அவர் நல்ல மனிதர். ஏழை எளியதுகளிடம் கைநீட்டிக் காசு வாங்கமாட்டார். முகாம் டொக்டரின் கடதாசியைப் பார்த்து, இருதயத்தை மெதுவாக அடிக்க வைக்கும் ஒரு குளிசையை எழுதிக் கொடுத்தார். நெஞ்சு படபடப்பது குறைந்தது. களைப்பு கூடியது. கை கால்களில் ஈரமண் அப்பியதுபோல இருந்தது. அதைச் சொன்னபோது, "இருதய வருத்தம் எண்டா அப்படித்தான் இருக்கும் தங்கச்சி. கவலைப்படாம இருங்கோ" என்றார்.

கவலைப்படாமல் இருப்பதுதான் சபூறாவுக்குத் தெரியாத வேலை. முற்றத்துப் பாயில் உட்கார்ந்து அடுப்பு மூட்டாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கால் மெலிந்தது. பகலில் தூங்கினாள், ஆனால் தூங்கி எழும்பினாலும் தூங்காதவள் போலத்தான் இருந்தாள். பார்க்க வந்த பெண்கள் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். அவள் போய்ச்சேர்ந்துவிட்டாள் என்றே வைத்து அவர்கள் கதைப்பதாக அவளுக்குப் பட்டது. கொஞ்ச நாளில் அவளும் அப்படியே நினைக்கப் பழகிவிட்டாள்.

அதனால்தான் ஸுல்பிகாவுக்கு அவசரமாகக் கலியாணம் பேசினார்கள். ஸுல்பிகா பத்தாம் வகுப்பில் படித்தாள். கணக்கில் கெட்டிக்காரி. அவளைப் படிக்க விடும்படி பள்ளிக்கூடத்து ரீச்சர் வீட்டுக்கே வந்து கேட்டாள்.

"என்ட கண் மூடுறதுக்குள்ள இவளுக்கு ஒரு வழி செய்யவேணும் ரீச்சர்" என்று சபூறா அழுதாள். ரீச்சர் எழும்பிப் போய்விட்டாள்.

1982இல், பதினாறு வயதில், ஸுல்பிகாவின் நிக்காஹ் நடந்தது. வீட்டை அவள் பேருக்கு எழுதினார்கள். சபூறாவும் கலந்தரும் பின்பக்கத்துக் குசினியை ஒட்டிய சின்ன அறைக்கு மாறினார்கள்.

அந்த வருடக் கடைசியில்தான் கலந்தர் வழியில் சைக்கிளை நிறுத்தத் தொடங்கினார். சம்மாந்துறை தாண்டி ஒரு மரத்தடியில் ஐந்து நிமிடம் குந்தியிருந்துவிட்டுத்தான் மிதிப்பாராம். இடது தோளிலிருந்து கைவரை இழுக்கிறது என்று இரவில் எண்ணெய் பூசச் சொன்னார். சபூறா பூசினாள்.

"நல்லரெத்தினம் டொக்டரிட்ட ஒருக்காக் காட்டுங்களன். என்னோட வாறீங்கதானே மாசாமாசம்."

"எனக்கென்னகா? வயசுக்கு வாற நோவு. என்ட கடதாசி நல்லம் எண்டு அண்டைக்கே சொன்னவங்கதானே."

மாதாமாதம் அவர் டிஸ்பென்சரி வாங்கில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒருநாளும் தனக்கென்று வாய் திறக்கவில்லை. டொக்டரும் கேட்கவில்லை. நோயாளி சபூறா. அவர் கூட்டிவந்தவர். எல்லோருக்கும் அது அப்படியே பழகிப் போயிருந்தது.

1983 மார்ச் மாதம், பெரும்போக அறுவடை. களவெட்டியில் நெற்சூடு அடித்து முடிந்து, நெல்லைச் சாக்கில் கட்டி உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பத்தாவது சாக்கோ பதினோராவது சாக்கோ. கலந்தர் அதைத் தோளில் வாங்கி இரண்டு எட்டு வைத்தார். பிறகு சாக்கை மெல்ல இறக்கி, அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தார். களைப்பாறுகிறார் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். தேத்தண்ணீரை நீட்டியபோதுதான் தெரிந்தது.

அதே உழவு மெசின் பெட்டியில் அவரைக் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயதுகூட நிறையவில்லை.

ஜனாஸா வீட்டில் ஒரு கிழவி, "பொஞ்சாதிய நினைச்சி நினைச்சே அந்த மனிசன்ட நெஞ்சு வெடிச்சிற்று" என்றாள். ஆறுதலுக்குச் சொன்ன பேச்சுத்தான். சபூறாவின் காதில் விழுந்தது. விதவைக்குரிய இத்தா இருந்த நான்கு மாதம் பத்து நாளும் அந்தச் சின்ன அறையில் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். போக வேண்டியவள் நான், போனது அவர் என்று ஸுல்பிகாவிடம் ஒருதரம் சொன்னாள். ஸுல்பிகா வயிற்றுப்பிள்ளைக்காரி. "சும்மா இரிங்க உம்மா" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு தண்ணீர் அள்ளுவதும் விறகும் ஸுல்பிகாவின் தலையில் விழுந்தது.

மேலும் மூன்று வருடம் சபூறா குளிசையை விழுங்கிக்கொண்டு உயிரோடு இருந்தாள். நல்லரெத்தினம் டொக்டருக்கே அது வியப்பாகிவிட்டது. 1986இல் ஒருநாள் பழைய கடதாசியைத் திரும்ப விரித்து நெடுநேரம் பார்த்தார்.

"ஏழு வருசமாச்சு. ஒரு நாளாவது நெஞ்சைப் பிடிச்சு வருத்தம் வந்ததா?"

"களைப்பு மட்டுந்தான் டொக்டர். மறுகா, படியேறினா மூச்சு வாங்குது."

"கொழும்பில நடக்கவைச்சுப் பார்க்கிற மெசின் ஒண்டு இருக்கு. எழுதித் தாறன். போய்ப் பார்த்திட்டு வாங்கோ."

கொழும்பிலிருந்து பதில் வர இரண்டு மாதம் சென்றது. குளிசையைச் சட்டென்று விடாமல் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்திவிட்டு வரும்படி அதில் எழுதியிருந்தது. சபூறாவின் மூத்த சகோதரர் அபுல் ஹஸன் கூட்டிப் போனார். அவருக்குக் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடை. அந்த வருடங்களில் பயணம் லேசானதல்ல. நாலு இடத்தில் ஆமிக்காரர் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி நடக்கவைத்துச் சோதித்தார்கள். ஒவ்வொரு தரமும் சபூறா இறங்கி, நடந்து, மூச்சு வாங்கி ஏறினாள். "மெசின் ஏன் காக்கா? இவங்களே என்னைய நடக்கவைச்சுப் பார்க்கிறாங்க" என்றாள். அபுல் ஹஸனுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

கொழும்பில் அந்த அறையில் வேலை செய்த மிஸி அருள்ராணி கல்முனைப் பெண். மெதடிஸ்த சபையைச் சேர்ந்த குடும்பம். ஊர்ப் பேச்சைக் கேட்டதும் சபூறாவுக்குப் பாதிப் பயம் போனது. மீதிப் பயம் மெசினைப் பார்த்ததும் திரும்பி வந்தது. கறுப்பு ரப்பர்ப் பட்டி ஒன்று காலுக்குக் கீழே ஓடும். ஓட ஓட அதன் முன்பக்கம் மேட்டைப்போல உயரும். அவளுக்கு முன்னால் ஏறிய பெரிய முதலாளி ஒருவர் வியர்த்து ஊற்றி, கையைக் காட்டி நிறுத்தச் சொல்லி இறங்கினார்.

"இந்தச் சாரியோட நடக்கேலாது உம்மா. இந்தக் காற்சட்டையைப் போடுங்கோ" என்றாள் அருள்ராணி.

"அதுக்கு நான் மௌத்தாகிறது நல்லம் மிஸி."

கடைசியில் சாரியைக் கணுக்காலுக்கு மேலே நாலு ஊசி குத்தி உயர்த்தி, ஆண்களையெல்லாம் வெளியே அனுப்பி, அருள்ராணி தன் சப்பாத்தையே கழற்றிக் கொடுத்தாள். டொக்டரும் பெண்தான். சிங்களப் பெண், நாற்பது வயதிருக்கும். தமிழ் அரைகுறையாக விளங்கும்.

பட்டி ஓடத் தொடங்கியது. முதல் மூன்று நிமிடம் சபூறா கம்பியைப் பிடித்தபடி கலிமா சொல்லிக்கொண்டு நடந்தாள். மேடு ஏறியது. வேகம் கூடியது. நெஞ்சு அடித்தது. அவள் ஏழு வருடமாகப் பயந்திருந்த அந்த அடி. இப்போது விழுவேன், இப்போது விழுவேன் என்று எண்ணினாள். விழவில்லை.

"நெஞ்சு நோகுதா?"

"இல்ல."

"கை இழுக்குதா? தாடை?"

"இல்ல மிஸி. கால்தான் கடுக்குது."

ஏழு நிமிடத்தில் மூச்சு முட்டி, போதும் என்றாள். நிறுத்திப் படுக்கவைத்தார்கள். டொக்டர் கடதாசியை நீளத்துக்கு இழுத்து இழுத்துப் பார்த்தார். சுவரில் இரண்டு அட்டவணை தொங்கியது. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போனார். பிறகு சொன்னதை அருள்ராணி தமிழில் சொன்னாள்.

"ஆம்பிளைகளுக்கு எழுதி வச்ச கணக்கில பார்த்தா நீங்க நடந்தது குறைவு. ஆனா உங்கட வயசுப் பொம்பிளைக்கு இது சரியான அளவுதான். கோடு இப்பவும் கீழ இறங்கிக் காட்டுது. ஆம்பிளைக்கு இப்படி இறங்கினா டொக்டர் பயந்திருப்பா. பொம்பிளைகளில கனபேருக்கு வருத்தம் இல்லாமலே இந்தக் கோடு இப்படி விழுமாம். நோவில்லாம நடந்தீங்க, நாடியும் கெதியா இறங்கிற்றுது. அதுதான் முக்கியமாம்."

"அப்ப களைப்பு, மிஸி?"

அருள்ராணி அதைச் சிங்களத்தில் கேட்டாள். டொக்டர் எழும்பி வந்து சபூறாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். அருள்ராணியிடம் மெதுவாக ஏதோ கேட்டார்.

"உம்மா, மாசத்தில எத்தின நாள் தொழாம இருப்பீங்க?"

சபூறா சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள். மாதவிடாயைப் பற்றிய அந்தக் கேள்வியை ஏழு வருடத்தில் ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை. ஆண்களிடம் சொல்கிற விசயமுமில்லை.

"பத்து நாள். சிலநேரம் பன்ரெண்டு."

"எவ்வளவு காலமா?"

"கடைசிப் பிள்ளை போனதில இருந்து."

இரத்தம் குத்தி எடுத்தார்கள். இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. வயிற்றைச் சோதித்ததில், கருப்பையில் சிறிய கட்டி. ஆபத்தில்லாத கட்டி, ஆனால் மாதாமாதம் இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. இருதயத்தில் வருத்தமில்லை. இரும்புச்சத்துக் குளிசை எழுதினார்கள். பழைய குளிசை இனி வேண்டாம், அதுவும் களைப்பைக் கூட்டியிருக்கும் என்றார்கள். இருந்த இடத்தில் இருக்கக்கூடாது, நடக்க வேண்டும், வேலை செய்யலாம் என்றார்கள்.

அபுல் ஹஸனுக்கு ஒரே சந்தோசம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் இரண்டு பிளேன்ரீக்கும் பணிசுக்கும் சொன்னார்.

"அல்ஹம்துலில்லாஹ். உனக்கு ஒரு வருத்தமும் இல்லயாம் புள்ள. கேட்டியா?"

சபூறா பணிசைத் தொடவில்லை.

"காக்கா, அப்ப அந்த மனிசன் நாலு வரிசமா எனக்குத் தண்ணி அள்ளினது?"

அபுல் ஹஸன் தேத்தண்ணீரைக் குடிக்காமல் வைத்தார்.

"முப்பது மைல் மிதிச்சிப் போட்டு வந்து விறகு கொத்தினவர். நான் பாயில இருந்து பார்த்துக்கொண்டு இருந்தன். நெஞ்சு வருத்தம் அவருக்குத்தான் இருந்திருக்கு. எனக்கு இல்ல."

"அல்லாட நாட்டம். அதை நாம என்ன செய்யிற?"

"நான் அள்ளியிருக்கலாம்" என்றாள் சபூறா.

ஸுல்பிகா வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். மாமா எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் அவள் வாய் திறந்தாள். அவளுக்கு இருபது வயது.

"அப்ப நீங்க மௌத்தாகப் போறதில்ல உம்மா."

"இல்லயாம்."

"அப்ப என்னைய ஏன் அவ்வளவு அவதி அவசரமா முடிச்சி வச்சீங்க?"

சபூறா பயணப் பையைக் கீழே வைத்தாள். ஸுல்பிகா பதிலுக்காகக் கேட்டவளில்லை. பிள்ளை அழுதது. அவள் உள்ளே போனாள். அன்று சபூறா வாளியைக் கையில் எடுத்துக் கிணற்றடிக்குப் போனபோது, "விடுங்க, நான் அள்ளுறன்" என்று ஸுல்பிகா சொல்லவில்லை. கயிறு உள்ளங்கையை எரித்தது. நான்கு வாளிக்குப் பிறகு மதிலில் சாய்ந்து நின்றாள். மறுநாளும் அள்ளினாள்.

நல்லரெத்தினம் டொக்டர் கொழும்புக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் ஒருக்காவும் உங்களிட்ட இதைக் கேக்கேல்லை. கேட்டிருக்க வேணும்."

"நானும் சொல்லல்ல டொக்டர்."

"உங்கட மனுசன் அந்த வாங்கிலதானே இருந்தவர்" என்றார்.

இரும்புக் குளிசையில் ஆறு மாதத்தில் முகத்துக்கு இரத்தம் வந்தது. படியேறினால் மூச்சு வாங்கவில்லை. காலையில் கடற்கரைப் பக்கமாகக் கொஞ்சத் தூரம் நடந்தாள். விதவைப் பெண் விடியற்காலையில் எங்கே போகிறாள் என்று கதை வந்தது. டொக்டர் சொன்னவர் என்று ஒருதரம் சொன்னாள், பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். ஒரு பீப்பாயை இரவல் வாங்கி அரைச் சாக்கு நெல் அவிக்கத் தொடங்கினாள். முன்பு போல இரண்டு பீப்பாய் அவிக்க அவளால் ஒருபோதும் முடியவில்லை. ஏழு வருடம் பாயில் இருந்த உடம்பு அது.

1988இல் அபுல் ஹஸன் புடவைக் கட்டு ஒன்றைத் தட்டில் ஏற்றும்போது இடது கையை உதறிக்கொண்டு உட்கார்ந்ததைச் சபூறா பார்த்தாள். பெருநாளைக்குப் புடவை எடுக்கப் போயிருந்தாள்.

"என்ன காக்கா?"

"ஒண்டுமில்ல. ரெண்டு மாசமா இப்பிடித்தான். ஈ.சி.ஜி. எடுத்த நான், எல்லாம் நல்லமாம்."

சபூறா புடவையைக் கீழே போட்டாள். கடைக்குள் நாலு பேர் நின்றார்கள். அதையெல்லாம் அவள் பார்க்கவில்லை.

"கடையப் பூட்டுங்க. இப்பவே."

"என்னகா விசரா உனக்கு?"

"படுத்துக்கொண்டு எடுத்த கடதாசியில என்ன தெரியும்? நடந்து பார்க்கவேணும். நீங்க பூட்டாட்டி நான் இந்த வாசலில இருந்து ஒப்பாரி வைப்பன்."

வைப்பாள் என்று அவருக்குத் தெரியும். பூட்டினார்.

இந்தத் தரம் கொழும்புக்கு அவள்தான் அவரைக் கூட்டிப் போனாள். அதே அறைதான், ஆனால் அருள்ராணி வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிப் போயிருந்தாள். சபூறா வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தாள். நாலாவது நிமிடத்தில் கை இழுக்கவே, அபுல் ஹஸனை இறக்கிப் படுக்கவைத்தார்கள். இரண்டு கிழமை அங்கேயே வைத்திருந்தார்கள். குளிசைகளோடும், கட்டுத் தூக்கக்கூடாது, சுருட்டுக் குடிக்கக்கூடாது என்ற உத்தரவோடும் அனுப்பினார்கள். அவர் பிழைத்தார். ஆனால் சுருட்டு இல்லாத வாழ்க்கை ஒரு வாழ்க்கையா என்று தங்கச்சியைத் திட்டிக்கொண்டேயிருந்தார்.

ஸுல்பிகா தாயோடு பழையபடி கதைக்கப் பல மாதம் சென்றது. கதைத்தாலும் பள்ளிக்கூடத்தைப் பற்றிய பேச்சை இருவரும் எடுக்கவில்லை. அந்திக்கு நெல்லைச் சாக்கில் கட்ட ஸுல்பிகா வந்து அதன் வாயைப் பிடித்துக் கொடுப்பாள். கட்டி முடித்ததும் சபூறா இஷாவைத் தொழுதுவிட்டுப் படுப்பாள். இடுப்பு நாரி வலிக்கும், கை கடுக்கும். இது நெல் அவித்த களைப்பு என்று தெரிந்திருந்ததால் அவளுக்குத் தூக்கம் வந்தது.